கடினமான கணிதப் பாடத்தை நடுவில் விடலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் இடைத்தேர்வுத் தாள் கைக்கு வருகிறது. நூற்றுக்கு 41. அன்றிரவே கோர்ஸை டிராப் செய்யும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருபவர்கள் ஒரு வகை. தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, "ஃபைனலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நகர்ந்துவிடுபவர்கள் இன்னொரு வகை. இரண்டு தரப்புமே கணக்குப் போடவில்லை. இந்த முடிவை எடுக்கத் தெரியவேண்டியவை இரண்டு: மீதியிருக்கும் வாரங்களில் உங்களுக்கு எத்தனை சதவீதம் தேவை, அதை எட்ட முடியாமல் தடுப்பது எது. இரண்டையும் ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம்.

தேதிகளை முதலில் எழுதி வையுங்கள்

கல்லூரியின் கல்வி நாட்காட்டியைத் திறந்தால், பாடத்தைக் கைவிடுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கடைசித் தேதிகள் இருக்கும். இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பருவம் தொடங்கி முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் விட்டால், அது டிராப். மதிப்பெண் சான்றிதழில் அந்தப் பாடம் இருந்த தடமே இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் அது வித்டிராயல். சான்றிதழில் பாடத்தின் பெயருக்கு எதிரே 'டபிள்யூ' என்று விழும், ஜிபிஏவில் (எல்லாப் பாடங்களின் கிரேடுகளையும் சேர்த்த சராசரிப் புள்ளி) சேராது. இந்த இரண்டாவது தேதியும் கடந்துவிட்டால், வாங்கிய கிரேடு எதுவோ அதுதான். கட்டணம் திரும்பக் கிடைப்பதற்கு வேறு தேதிகள் உண்டு. பெரும்பாலும் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்து, டபிள்யூ வாங்கும் கட்டத்தில் திரும்ப வருவது சொற்பமாகவோ ஒன்றுமில்லாமலோ போய்விடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டால் பாடத்தை விட்டதாக ஆகாது. படிவமோ இணையப் பதிவோ முடிந்தால்தான் கணக்கு. ஆறாவது வாரத்தில் வகுப்புக்குப் போவதை நிறுத்தி, "அதான் விட்டாச்சே" என்று இருந்தவருக்குப் பருவ முடிவில் எஃப், அதாவது தோல்வி, வரும்.

உங்களுக்கு எத்தனை சதவீதம் தேவை?

சிலபஸ் தாளில் மதிப்பெண் பங்கீடு இருக்கும். ஓர் உதாரணம்: வீட்டுப்பாடம் 15%, குவிஸ் 10%, முதல் இடைத்தேர்வு 20%, இரண்டாவது 20%, இறுதித் தேர்வு 35%. வீட்டுப்பாடத்தில் உங்கள் சராசரி 82. குவிஸில் 55. முதல் இடைத்தேர்வில் 41.

வீட்டுப்பாடமும் குவிஸும் பருவம் முழுக்க இதே போக்கில் போகும் என்று வைத்துக்கொண்டால், 12.3 + 5.5 + 8.2. ஆக, 45க்கு 26 உங்கள் கையில். மீதம் இருப்பது 55. மொத்தத்தில் 60 எடுத்தால்தான் அடுத்த கணிதப் பாடத்துக்குப் போகலாம் என்றால், 55க்கு 34 வேண்டும். அதாவது மிச்சமுள்ள இரண்டு தேர்வுகளிலும் சராசரியாக 62%. தேர்ச்சிக்கு 50 போதும் என்றால் 44%. எழுபது வேண்டுமானால் 80%.

வெறும் தேர்ச்சி, அடுத்த பாடத்துக்கான நுழைவு, நீங்கள் ஆசைப்படும் கிரேடு, மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பயத்தில் இருக்கும்போது மூன்றும் ஒன்றாகக் குழைந்து "இனிமேல் முடியாது" என்ற ஒற்றை வாக்கியமாகத் தெரியும். 44க்கும் 80க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தாளில் பார்த்தால் மூச்சு கொஞ்சம் சீராகும்.

தள்ளிப்போடுவதன் விலையையும் இதே கணக்கு காட்டும். இரண்டாவது இடைத்தேர்விலும் 41 வாங்கினால் கையிருப்பு 34.2. அப்போது 60ஐத் தொட இறுதித் தேர்வில் மட்டும் 74% வேண்டும். அதுவரை வந்த பாடம் எல்லாவற்றையும் கேட்கும் தாளில், இரண்டு முறை 41 எடுத்தவர் 74 எடுக்க வேண்டியிருக்கும்.

கணக்கை முடிக்குமுன் சிலபஸின் சின்ன எழுத்துக்களையும் படியுங்கள். மிகக் குறைந்த குவிஸ் மதிப்பெண்ணை நீக்குவார்களா? இறுதித் தேர்வு நன்றாக வந்தால் மோசமான இடைத்தேர்வுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்வார்களா? வகுப்புச் சராசரியை வைத்து கிரேடை ஏற்றித் தருவார்களா? சராசரியே 45 என்றால் உங்கள் 41 வேறு அர்த்தம் கொள்ளும்.

41 எங்கிருந்து வந்தது?

அந்த உதாரணத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வீட்டுப்பாடத்தில் 82, தேர்வில் 41. இவ்வளவு பெரிய இடைவெளிக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஏற்கெனவே தீர்த்த கணக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடத்தை எண்களை மட்டும் மாற்றிச் செய்திருப்பீர்கள். செய்யும்போது புரிந்த மாதிரியே இருக்கும். பிறர் போட்ட கணக்கைப் பின்தொடர்வதும் வெற்றுத் தாளில் முதல் வரியை எழுதுவதும் இரண்டு வேறு திறமைகள்.

எனவே, பழைய விடைத்தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, அதே கேள்விகளைக் குறிப்பு எதுவும் பார்க்காமல் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு மறுபடி போடுங்கள். விடைகளைப் பார்த்து நான்கைந்து நாளாவது ஆகியிருந்தால் நல்லது. இல்லையென்றால் நினைவிலிருந்து எழுதிவிடுவீர்கள். பிறகு, போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் ஏன் போனது என்று எழுதுங்கள்.

ஒரு கணக்கைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 1/(க² − 4) என்பதைத் தொகையிட வேண்டும். சரியான வழி, கீழே இருப்பதை (க − 2)(க + 2) என்று உடைத்து, அ/(க − 2) + ஆ/(க + 2) என்று பகுதிப் பின்னங்களாகப் பிரிப்பது. 1 = அ(க + 2) + ஆ(க − 2). க = 2 என்று போட்டால் அ = 1/4; க = −2 என்று போட்டால் ஆ = −1/4. அதன்பின் இரண்டு மடக்கைகள், வேலை முடிந்தது. நான்கு மாணவர்கள் இதில் நான்கு விதமாகத் தவறுவார்கள்.

முதலாமவர் பிரித்து எழுதுவது வரை சரியாக வந்து, அ, ஆ இரண்டையும் கண்டுபிடிப்பதில் குறி மாறி ஆ = 1/4 என்று எழுதுகிறார். நுண்கணிதத்தில் அவருக்குக் குறையில்லை, பள்ளி இயற்கணிதத்தில்தான் ஓட்டை. இரண்டாமவருக்கு எந்த முறையில் தொடங்குவது என்றே தெரியவில்லை. "பகுதிப் பின்னம்" என்று யாராவது காதில் சொன்னால் போதும், முடித்துவிடுவார். அவருக்குத் தேவை கலந்துகட்டிய பயிற்சி. பாடப் புத்தகத்தில் ஒரே முறைக்கான கணக்குகள் ஒரே பகுதியில் வரிசையாக இருப்பதால், எந்த முறை என்று தேர்ந்தெடுக்கும் வேலையே அவருக்கு வந்ததில்லை. மூன்றாமவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் பாதியில் மணி அடித்துவிட்டது. நான்காமவர் நேரே மடக்கை(க² − 4) என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். கீழே ஏதாவது இருந்தால் மடக்கை வரும் என்ற அளவில்தான் அவர் மனதில் இருக்கிறது. அந்த விடையைத் திரும்ப வகையிட்டால் மேலே 2க வந்து நிற்குமே என்று தோன்றவில்லை. சங்கிலி விதியே (ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருக்கும்போது வகையிடும் விதி) உள்ளே இறங்கவில்லை என்று பொருள்.

இரண்டாமவரும் மூன்றாமவரும் மீதமுள்ள வாரங்களிலேயே தேறிவிடலாம். முதலாமவர் விஷயம், ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. அதை அளக்க 40 நிமிடத்தில் 20 சின்னக் கணக்குகள்: பின்னங்களைக் கூட்டுதல், காரணிப்படுத்துதல், எதிர்மறை மற்றும் பின்ன அடுக்குகள், மடக்கை விதிகள், முக்கோணவியல் முற்றொருமைகள், சமனிலிகள். பதினாறுக்கு மேல் சரியென்றால் கவனப் பிழைதான். தினம் 30 நிமிடம் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் அடைத்துவிடலாம். பத்தைத் தொடவில்லை என்றால் அடித்தளத்தையே எழுப்ப வேண்டும். √(அ² + ஆ²) என்பதை அ + ஆ என்று கை தானாக எழுதுகிறதா? 3, 4 போட்டுப் பாருங்கள்: 5 வர வேண்டிய இடத்தில் 7 வரும். இந்த மாதிரிப் பிழை ஒரு தாளில் ஐந்தாறு இடத்தில் வருபவர், தொகையிடலைப் பற்றிக் கவலைப்படுவதே சீக்கிரம்.

நான்காமவர்தான் உண்மையில் யோசிக்க வேண்டியவர். கணிதம் அடுக்கடுக்காக ஏறும் பாடம். எல்லை புரியாமல் வகையிடலும், அது புரியாமல் தொகையிடலும், அதுவும் இல்லாமல் தொடர்களின் குவிதலும் பிடிபடாது. வரலாற்றுப் பாடத்தில் மூன்றாம் அத்தியாயத்தைக் கோட்டை விட்டாலும் ஏழாம் அத்தியாயத்தில் நல்ல மதிப்பெண் எடுக்கலாம். இங்கே முடியாது.

நிரூபணங்கள் நிறைந்த பாடங்களுக்கு, மெய்ப் பகுப்பாய்வு, அருவ இயற்கணிதம் போன்றவற்றுக்கு, இந்தப் பிரிப்பு அப்படியே பொருந்தாது. அங்கே ஒரு சோதனை போதும். வகுப்பில் வந்த ஐந்து வரையறைகளைப் பார்க்காமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டும் பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டும் சொல்லிப் பாருங்கள். வரையறையே தடுமாறினால், நிரூபணம் வராததில் வியப்பில்லை, அதை உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். வரையறைகள் கச்சிதமாக இருந்தும் நிரூபணத்தின் முதல் வரி வரவில்லை என்றால், நிரூபணம் எழுதும் முறையையே தனியாகப் பயில வேண்டும். அதற்கு ஒரு பருவம் பிடித்தாலும் ஆச்சரியமில்லை.

மணிக்கணக்கு

நான்கு கிரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு) கணிதப் பாடத்துக்கு வகுப்பு தவிர வாரம் 8 முதல் 12 மணி நேரம் என்பது பொதுவான அளவு. பத்து என்று வைப்போம். நீங்கள் மூன்று வாரம் பின்தங்கி இருக்கிறீர்கள், ஆறு வாரம் பாக்கி. வரப்போகும் பாடத்துக்கு 60 மணி, விட்டுப்போனதற்கு 30 மணி. ஆக 90ஐ ஆறால் வகுத்தால் வாரம் 15 மணி, வகுப்பு நேரம் தனி.

இந்தப் பதினைந்தையும் உங்கள் கால அட்டவணையில் கட்டம் கட்டமாக வைத்துப் பாருங்கள். செவ்வாய் மாலை ஆறு முதல் எட்டு, சனி காலை மூன்று மணி நேரம் என்று. "நேரம் கிடைக்கும்போது" என்பது கட்டமாகாது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு எட்டு கட்டத்துக்கு மேல் இடமே இல்லை என்று தெரியலாம். அப்படியானால் கேள்வி அங்கேயே முடிகிறது. மற்ற பாடங்களிலிருந்து மணிகளைத் திருடினால் முதலுக்கே மோசம்.

ஒரு வாரப் பரிசோதனை

கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாளாவது இருந்தால் இதைச் செய்யாமல் முடிவெடுக்காதீர்கள். தொடர்வதாக முடிவாகிவிட்டது போலவே ஒரு வாரம் முழுக்கப் படியுங்கள்: 15 மணி, மேலே கண்டுபிடித்த ஓட்டைக்குத் தக்க பயிற்சி, ஆசிரியரையோ டியூட்டரையோ குறைந்தது இரண்டு சந்திப்பு. தீர்த்த கணக்கைப் பார்த்தால் உடனே மூடிவிட்டு, 20 நிமிடம் கழித்து வெற்றுத் தாளில் முதலிலிருந்து போடுங்கள்.

வாரக் கடைசியில் ஒரு மாதிரித் தேர்வு. முந்தைய ஆண்டுத் தாள் கிடைத்தால் அதுவே. கிடைக்கவில்லை என்றால், இதுவரை முடிந்த பாடப்பகுதிகள் எல்லாவற்றிலிருந்தும் கலந்து ஆறு கணக்குகளை எடுத்து, எந்தப் பகுதி என்று தெரியாதபடி தாளில் எழுதி, 50 நிமிடம் வைத்துப் போடுங்கள். பல பாடநூல்களில் ஒற்றைப்படை எண் கணக்குகளுக்குப் பின்னால் விடை இருக்கும்; அவற்றிலிருந்து எடுத்தால் திருத்துவது சுலபம். திருத்தும்போது இரக்கம் வேண்டாம்.

இனி இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நமது உதாரணத்தில் தேவை 62. மாதிரித் தேர்வில் 58, 60 வந்தால் தொடருங்கள். ஒரே வாரத்தில் 41லிருந்து இவ்வளவு ஏறியவருக்கு மீதி வாரங்கள் போதும். ஒரு வாரம் முழு மூச்சாகப் படித்தும் 45ஐத் தாண்டவில்லை என்றால் விடுவதுதான் புத்திசாலித்தனம். நடுவில் விழுந்தால் மட்டும் அடுத்த பகுதி முடிவு சொல்லும்.

விட்டால் எதெல்லாம் அசையும்

முதலில் ஜிபிஏ. நான்கு புள்ளி அளவையில் (ஏ = 4, சி = 2, எஃப் = 0), இந்தப் பருவத்தில் மூன்று கிரெடிட் பாடங்கள் நான்கிலும் 3.0, கூடவே நான்கு கிரெடிட் கணிதம். கணிதத்தில் எஃப் என்றால் பருவ ஜிபிஏ 2.25. சி என்றால் 2.75. டபிள்யூ என்றால் 3.0. இதுவரை 45 கிரெடிட் 3.2 சராசரியில் முடித்தவருக்கு மொத்த ஜிபிஏ எஃப் வந்தால் 2.95 ஆகும், சி வந்தால் 3.08, டபிள்யூ என்றால் 3.16. எஃப்புக்கும் டபிள்யூவுக்கும் நடுவே உள்ள 0.2 சின்னதாகத் தெரியலாம். உதவித்தொகைக்கு 3.0 வேண்டும் என்ற விதி இருந்தால் அதுதான் எல்லாம்.

திரும்ப எடுக்கும்போது பழைய கிரேடை அழித்துப் புதியதை வைப்பார்களா, இரண்டையும் சராசரி எடுப்பார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அழிப்பார்கள் என்றால் டி, எஃப் பயம் பாதி குறையும்.

இரண்டாவது, சங்கிலி. இந்தப் பாடத்தை முன்தகுதியாகக் கேட்கும் பாடங்கள் எவை என்று பட்டியலிடுங்கள். இரண்டாம் நுண்கணிதம் தள்ளிப்போனால் பல மாறி நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், அவற்றை நம்பி நிற்கும் இயற்பியல், பொறியியல் பாடங்கள் எல்லாம் ஒரு பருவம் தள்ளும். அந்தப் பாடங்களில் ஏதாவது ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படும் என்றால், ஒரு பருவம் தள்ளுவது ஓர் ஆண்டாகிவிடும். அதேசமயம் சி குறைந்தால் அடுத்த பாடத்துக்கு விடமாட்டோம் என்ற விதி இருந்தால், டி வாங்கித் தொடர்வதிலும் சங்கிலி அறுந்துதான் போகும்.

மூன்றாவது, கிரெடிட் எண்ணிக்கை. முழுநேர மாணவர் என்ற தகுதிக்குக் குறைந்தபட்ச கிரெடிட் உண்டு. நான்கை இறக்கினால் அதற்குக் கீழே போகிறீர்களா? போனால் கல்விக்கடன், உதவித்தொகை, விடுதி, காப்பீடு என்று எதிர்பாராத இடங்களில் இடிக்கும். மாணவர் விசாவில் வெளிநாட்டில் படிப்பவர்கள், கைவிடும் முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிட வேண்டும். விட்ட பிறகு கேட்டால் பிரச்சினை பெரிது. எடுத்த கிரெடிட்டில் எத்தனை சதவீதம் முடித்தீர்கள் என்று பார்க்கும் உதவித்திட்டங்களில், டபிள்யூ முடிக்காத பாடமாகவே எண்ணப்படலாம்.

சான்றிதழில் ஒரு டபிள்யூ இருப்பதைப் பற்றி மாணவர்கள் படும் கவலை தேவைக்கு அதிகம். ஒன்றிரண்டு யாருக்கும் உறுத்தாது. பருவத்துக்கு ஒன்று வீதம் தொடர்ந்து வந்தாலோ, ஒரே பாடத்தில் இரண்டு முறை வந்தாலோதான் மேற்படிப்புச் சேர்க்கையில் கேள்வி எழும்.

ஆசிரியரிடம் என்ன கேட்பது

"நான் டிராப் பண்ணட்டுமா சார்?" என்று கேட்டால், "அது உங்கள் முடிவு" என்ற பதில்தான் வரும். விடைத்தாளையும், தவறுகளைப் பிரித்து எழுதிய தாளையும், மாதிரித் தேர்வையும் கொண்டுபோங்கள். "இன்று பருவம் முடிந்தால் எனக்கு என்ன கிரேடு?", "முதல் இடைத்தேர்வில் நாற்பதுகளில் இருந்தவர்கள் உங்கள் வகுப்பில் பொதுவாக எங்கே முடிப்பார்கள்?", "என் தவறுகளில் எது வரப்போகும் பாடத்தில் அதிகம் அடிக்கும்?" இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு அவர் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு பதில்தான். சங்கிலி, கிரெடிட், உதவித்தொகை பற்றியெல்லாம் பாட ஆசிரியரிடம் கேட்டுப் பயனில்லை. அவை அட்வைசர் வேலை.

வேறு வழிகளும் உண்டு

விடவேண்டிய பாடம் கணிதமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மணிக்கணக்குதான் இடிக்கிறது, சங்கிலி கணிதத்தில்தான் இருக்கிறது என்றால், எந்தப் பாடத்துக்கும் முன்தகுதியாக இல்லாத மூன்று கிரெடிட் விருப்பப்பாடத்தை விட்டால் வாரம் ஐந்தாறு மணி கிடைக்கும். பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

சில கல்லூரிகளில் அதே பருவத்தில் ஒரு படி கீழுள்ள பாடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அடித்தளம் ஆடுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, ஆனால் அதற்கான தேதி மிக முன்னதாகவே முடிந்துவிடும். தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் பதியும் முறை இருந்தால், தேறிவிட்டால் ஜிபிஏ தப்பும். மேஜர் (முதன்மைத் துறை) பாடமாக இருந்தால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். உடல்நலம், மனநலம், குடும்பத்தில் திடீர் நெருக்கடி என்றால் மருத்துவ அல்லது சிறப்பு வித்டிராயலுக்குத் தனி விதிகள் உண்டு. கடைசித் தேதி தாண்டியிருந்தாலும் கேட்கலாம், சான்றுகளோடு.

விடுவதாக முடிவானால்

பதிவு முடிந்ததும் உறுதிச் செய்தியைச் சேமித்து வையுங்கள். இரண்டு நாள் கழித்துப் பதிவில் டபிள்யூ விழுந்திருக்கிறதா, பாடப் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியருக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல்: விடுகிறேன், அடுத்த பருவத்தில் திரும்ப எடுக்கிறேன், மீதி வகுப்புகளில் அமர்ந்து கேட்கலாமா? பல ஆசிரியர்கள் சரி என்பார்கள். மதிப்பெண் பயமின்றிக் கேட்ட பாடம் மறுமுறை வரும்போது பாதி தெரிந்ததாக இருக்கும்.

திரும்ப எடுப்பதை ஓர் ஆண்டு தள்ளாதீர்கள். இப்போது தெரிந்த பாதியும் மறந்துபோகும். விடுமுறைக் காலச் சுருக்கப் பருவத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். வகுப்பும் படிப்பும் சேர்த்து வாரம் 14 மணி, 15 வாரம் என்றால் 210 மணி. அதை ஆறு வாரத்தில் அடைத்தால் வாரம் 35 மணி. வேறெந்தப் பாடமும் வேலையும் இல்லாதவருக்கு அது சரிப்படும், மற்றவர்களுக்கு இன்னொரு டபிள்யூதான் மிஞ்சும்.

விட்டதால் மிச்சமான வாரம் பத்து மணியில் ஆறு மற்றப் பாடங்களுக்குப் போகட்டும், நான்கு கணிதத்துக்கே இருக்கட்டும். முதல் மூன்று வாரம் அந்த 20 கணக்குச் சோதனையில் தவறிய பகுதிகள் மட்டும். பிறகு பாடநூலின் முதல் அத்தியாயத்திலிருந்து, வாரம் ஒரு பகுதி, மூடி வைத்து வெற்றுத் தாளில். அடுத்த பருவம் தொடங்கும் வாரத்தில் இதே இடைத்தேர்வுத் தாளை மீண்டும் 50 நிமிடத்தில் எழுதிப் பாருங்கள். 41 இன்னும் 41ஆகவே இருந்தால், பாடத்தில் சேருமுன் ஒரு படி கீழிருந்து தொடங்க இடம் கேளுங்கள். அப்போது டிராப் தேதி இன்னும் திறந்துதான் இருக்கும்.